கப்பலில் சாரம் கட்டலாமா?

இரண்டு இரவுக் கப்பல் பயணத்துக்கு என்னென்ன உடுத்த வேண்டும், என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று அறிவுறுத்தும் குறிப்புகள் இப்போது தமிழிலும் பெருகிவிட்டன. பயண முகவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். போய்வந்தவர்கள் காணொளி போடுகிறார்கள். சில மாதங்களாக இவற்றைப் பொறுமையோடு படித்தும் பார்த்தும் வருகிறேன். முதல் இரவுக்கு வெள்ளை, இரண்டாம் இரவுக்குப் பளபளப்பு, நீச்சல் குளத்துக்கு இன்னது, காலைச் சிற்றுண்டிக்கு இன்னது, மேல்தளத்துக் கம்பியோரம் நின்று படம் எடுத்துக்கொள்ள இன்ன நிறத்தில் கவுன் என்று வேளைக்கொரு வேடம். எல்லாக் குறிப்புகளிலும் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்றொரு சொல் தவறாமல் வருகிறது; அதன் பொருளை எவரும் விளக்கியதில்லை. நான் பார்த்தவற்றில் வேட்டி என்ற சொல் எதிலுமே இல்லை. சேலை ஒரேயொரு குறிப்பில் இருந்தது, தவிர்க்க வேண்டியவற்றின் வரிசையில். காற்று? அது கூந்தல் அழகாகப் பறக்கும் என்ற இடத்தில் மட்டும் தலைகாட்டியது.

இந்தக் குறிப்புகள் கடலைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல, கேமராவைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது என் முதல் குற்றச்சாட்டு. கடலில் ஒருவரைத் துன்புறுத்தக்கூடிய எதைப் பற்றியும் அவற்றில் ஒரு வரி கிடையாது. இரண்டாவது குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. யார் எங்கே என்ன உடுத்தலாம் என்று பிறர் விதிப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் உரிமை நாஞ்சில் நாட்டாருக்கு இல்லை. மற்றவர்கள் மறந்துவிட்டுப் போகலாம். நாம் மறப்பது அசட்டுத்தனம்.

அஞ்சுகிராமத்துக்காரன் இதைச் சொல்வதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எங்கள் சந்தியிலிருந்து கடல் ஒரு சைக்கிள் மிதி தூரம். வட்டக்கோட்டையின் கருங்கல் மதிலில் ஏறி நின்றால் வங்கக்கடல் காலடியில் கிடக்கும். ஆனாலும் என் தலைமுறையில் கடல்மேல் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். (பள்ளிச் சுற்றுலாவில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது ஏறும்முன் இறங்கிவிடுகிற பயணம்.) கடல் கடற்கரைக்காரர்களுடையது என்று விட்டுவிட்டவர்கள் நாங்கள். வயல்காரனும் பனையேறியும் கடலுக்கு முதுகைக் காட்டியே வீடு கட்டினார்கள். தொழிலும் சாதியும் சேர்ந்து கிழித்த கோடு அது. கூடையில் மீனாக வந்தால் கடல் எங்களுக்கு வேண்டும். மற்றபடி அதனோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஆகவே உள்நாட்டு ஊர்களிலிருந்து நடுத்தரக் குடும்பங்கள் பணம் சேர்த்து, ரயிலேறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கப்பலேறுகிறார்கள் என்பதை நான் இளப்பமாகப் பார்க்கவில்லை. அதில் ஒரு வரலாற்று முக்கியத்துவம்கூட உண்டு என்றே நினைக்கிறேன். பல தலைமுறைகளாகக் கடலுக்கு முதுகு காட்டியவர்கள் முதன்முறையாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்படித் திரும்புகிறவரிடம் போய் 'பளபளப்பான உடை எடுத்து வைத்தீர்களா' என்று கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்த கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலோடுதான் இந்தப் பேச்சு நம் ஊர்களில் பரவலாயிற்று. அந்தக் கப்பலின் பிறப்பு சுவாரசியமானது. 1990இல் பிரான்சின் சான் நசேர் தளத்தில் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. மூன்று, நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல்களில் முன்னோடி. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்வந்தது. ஏறத்தாழ 48,500 டன், 210 மீட்டர் நீளம், பதினொரு தளம். குறும்பயணக் கப்பல் என்றால் அது எங்கும் அவசரமாகப் போய்ச்சேர வேண்டியதில்லை. ஆட்களைக் குறைந்த நேரத்தில் நிறைய செலவழிக்கவைக்க வேண்டும். அதனால்தான் பல தளங்களை ஊடுருவி நிற்கும் அந்த நடுமுற்றமும், சூதாட்டக் கூடமும், நாடக அரங்கும், கடைகளும். உள்ளே நடந்தால் கடல் இருக்கும் திசையே மறந்துபோகும். நாகர்கோவிலின் ஒரு பெரிய துணிக்கடையை அப்படியே பெயர்த்தெடுத்து மிதக்கவிட்டது போலத்தான். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. போகிறவர் எதிர்பார்க்க வேண்டியது இதுதான் என்பதற்காகச் சொல்கிறேன். கடல் அந்தக் கப்பலில் தேடிப்போய்ப் பார்க்கவேண்டிய ஒன்று. தானாக வந்து கண்ணில் படாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பது முக்கியமில்லை. எங்கள் மைனி சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மகன் பெங்களூரில். அம்மாவைக் கப்பலில் கூட்டிப்போக வேண்டுமென்பது அவனுடைய ஆசை, நல்ல ஆசைதான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு மைனி போனை நீட்டினார்கள். "தம்பி, கப்பல்ல சேலை உடுத்தப்பிடாதாம்லா? இவன் அனுப்பியிருக்கான், பாருங்க." பார்த்தேன். மேலே சொன்ன வகைக் குறிப்புதான். சேலையில் போனால் தடுக்கி விழுவீர்கள், தனித்துத் தெரிவீர்கள் என்று இருந்தது. "முப்பது வருசம் சேலையோட அடுப்படியில நின்னேன். தீப்பிடிக்கல்ல, தடுக்கியும் விழல்ல. இனிமே இந்த வயசுல கவுனு போட்டுட்டு எங்க போயி நிக்க?" என்றார்கள். நான் உடுத்தலாம் மைனி, தாராளமாக உடுத்தலாம் என்றுதான் சொன்னேன். ஆனால் குறிப்புக்கு இருக்கிற அதிகாரம் கொழுந்தனுக்கு ஏது? நாலாயிரம் ரூபாய்க்கு இரண்டு கவுன் வாங்கினார்கள். ஒன்றை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டார்கள். இரண்டாம் இரவு விருந்துக்குப் போகவில்லை. சேலையில் போனால் மகனுக்குக் கேவலம், கவுனில் போனால் தனக்குக் கேவலம் என்று அறையிலேயே இருந்துகொண்டு, கொண்டுபோன முறுக்கையும் மிக்சரையும் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு இரவுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு இரவு இப்படிப் போயிற்று.

இதே காட்சி இதற்கு முன்பு இன்னொரு கப்பலிலும் நடந்திருக்கிறது. 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயிலிருந்து 'கிளைட்' என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மோகன்தாஸ் என்ற பதினெட்டு வயது இளைஞர், முள்கரண்டியைப் பிடிக்கத் தெரியாமலும் எந்தப் பண்டம் சைவம் என்று கேட்கக் கூசியும், சாப்பாட்டுக் கூடத்தின் பக்கமே போகாமல், கொண்டுவந்த இனிப்பையும் பழங்களையும் அறையிலேயே தின்று நாட்களைக் கழித்தார். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். கப்பலில் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு, கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை ஃபிளானல் உடையொன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இறங்கிப் பார்த்தால் அந்த ஊரில் வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். யாரோ சொன்ன உடைக் குறிப்பை நம்பிக் கடலேறுகிறவருக்கு நேர்வது அப்போதும் இதுதான். அவருக்குப் பிற்காலத்தில் உடை பற்றி ஒரு தெளிவு வந்தது. அதற்கு முப்பத்து மூன்று வருடம் ஆயிற்று, மதுரைக்கும் வர வேண்டியிருந்தது.

கப்பல் விருந்துக்குத் தனி உடை என்ற வழக்கம் வெள்ளைக்காரர்களின் நெடும்பயணக் கப்பல்களில் உருவானது. அந்த வழக்கத்திலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. முதல் நாள் இரவு பெட்டிகளைப் பிரித்திருக்க மாட்டார்கள், கடைசி இரவு பெட்டிகளைக் கட்டிவிட்டிருப்பார்கள். எனவே அந்த இரண்டு இரவுகளிலும் எவரும் விருந்துடை அணிய வேண்டியதில்லை. இரண்டு இரவுப் பயணத்தில் முதல் இரவும் கடைசி இரவும் போக மிச்சம் எத்தனை இரவு என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். யாருடைய நாகரிகத்தைப் பார்த்து நம்மவர்கள் இந்தக் குறிப்புகளை எழுதுகிறார்களோ அந்த நாகரிகத்தின் கணக்குப்படியே மைனி தன் நூல்சேலையில் போய் உட்கார்ந்திருக்கலாம். நகல் எடுக்கிறவர்கள் மூலத்தை ஒழுங்காகப் படிப்பதில்லை.

சரி, இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்காக அடிபட்டார்கள், ஆடை கிழிக்கப்பட்டார்கள். சந்தைகளிலும் தெருக்களிலும் பல பத்தாண்டுகள் நடந்த போராட்டம் அது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டு அவர்கள் மேலாடை அணிய அனுமதித்தது. அந்த அனுமதியிலும் ஒரு கொக்கி இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக்கூடாது. பிரகடனத்தின் உயிர் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. மறைத்துக்கொள், ஆனால் எங்களைப் போல மறைக்காதே. உடைக் கட்டுப்பாடு என்பதன் சாராம்சமே இதுதான். துணி எவ்வளவு என்பது அதன் கவலையல்ல, எவரையும் பார்த்த மாத்திரத்தில் இன்னார் என்று தெரிய வேண்டும் என்பதுதான் கவலை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் சாமிதோப்பில், 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர், வழிபடும் ஆண்களைத் தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார். தலைப்பாகை கட்டும் மரியாதை தங்களுக்கு இல்லை என்றிருந்தவர்களிடம் அதைச் சொன்னார் என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் அது வெறும் சடங்காகத் தெரியும். அங்கிருந்து சற்று தூரம் போனால் கன்னியாகுமரி பகவதி கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒரே பேருந்துத் தடத்தில் ஒரு வாசல் தலையில் கட்டச் சொல்கிறது, இன்னொரு வாசல் தோளிலிருந்து கழற்றச் சொல்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவனுக்கு உடை வெறும் ரசனை விவகாரம் என்று யாராவது பாடம் எடுத்தால் சிரிப்புத்தான் வரும்.

இது பழங்கதை என்பவர்களுக்கு அண்மைக் கதையும் உண்டு. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் ஒரு நூல் வெளியீட்டுக்காகச் சேப்பாக்கத்திலிருக்கும் கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்துக்குப் போனபோது, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார். நீதிபதிக்கே இது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. அடுத்த மாதமே வேட்டிக்குத் தடைவிதிக்கும் மன்றங்களைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. ஓராண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், உரிமம் ரத்து. அந்தச் சட்டம் கப்பலை நினைத்து எழுதப்பட்டதல்ல என்பது எனக்குத் தெரியும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரைதான் நாட்டின் எல்லைக்கடல்; சூதாட்ட மேசைகளும் அதைத் தாண்டிய பிறகே உயிர்பெறுகின்றன. அந்தக் கோட்டைத் தாண்டியதும் வேட்டியும் சட்டத்தின் பாதுகாப்பை இழந்துவிடுமா என்பதைச் சட்டம் படித்தவர்கள் விவாதித்துக்கொள்ளட்டும். நான் கேட்பது வேறு. மன்றத்து வாசலில் வேறொருவர் தடுத்தபோது கொதித்த நாம், கப்பலுக்குப் பெட்டி கட்டும்போது நம்மை நாமே தடுத்துக்கொள்கிறோமே, இதற்கு என்ன சட்டம் கொண்டுவருவது?

இதற்கு இரண்டு விதமான மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, ஆசைக்கு உடுத்திக்கொள்கிறார்கள், அதில் உனக்கென்ன என்பது. ஆசைக்கு உடுத்துகிறவர்களோடு எனக்கு வழக்கே இல்லை. என் அண்ணன் மகள் பதினாறு வயதில் பளபளக்கும் கவுன் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நின்றால் எனக்குச் சந்தோஷம்தான். 1859இல் அடிபட்டவர்களின் கொள்ளுப்பேத்தி தனக்குப் பிடித்ததை உடுத்தட்டும். அச்சத்தால் உடுத்துகிறவர்களைப் பற்றியே என் பேச்சு. 'தனித்துத் தெரிவீர்கள்' என்ற ஒரு வரிக்கு ஓர் ஓய்வூதியக்காரி நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறாரே, அதைப் பற்றி.

இன்னொரு மறுப்பு நம் இலக்கிய நண்பர்களிடமிருந்து வரும். இந்தச் சொகுசுக் கப்பல் பயணமே ஒரு நுகர்வுக் கேவலம், அதில் வேட்டியா கவுனா என்று விவாதிப்பது அதைவிடக் கேவலம் என்பார்கள். இந்த உயர்ந்த பார்வையை நான் மதிக்கவில்லை. ஐரோப்பியக் கப்பல் நாவல்களை வரிவரியாகச் சிலாகிக்கும் அதே நண்பர்கள், அஞ்சுகிராமத்து மைனி கப்பலேறினால் மட்டும் நாகரிக விமர்சகர்களாகிவிடுகிறார்கள். தமிழனுக்குக் கப்பல் என்பது நெடுங்காலம் கூலிக்குப் போகும் வழியாகத்தான் இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' அரை நூற்றாண்டுக்கு அருகில் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆயிரக்கணக்கில் ஆட்களைத் திறந்த தளத்தில் பாய்விரித்துப் படுக்கவைத்துச் சுமந்தது. அந்தத் தளத்தில் சாரத்தையும் சேலையையும் தவிர வேறென்ன இருந்திருக்கும்? வேலைக்காகக் கடல் கடந்தபோது அந்த உடை உறுத்தவில்லை. வேடிக்கைக்காகக் கடலில் போகும்போது மட்டும் உறுத்துகிறதென்றால், வேடிக்கை நமக்கு உரியதல்ல என்று உள்ளூர நம்புகிறோம் என்றே பொருள். கப்பலேறுவது கேவலமில்லை. கூச்சத்தோடு ஏறுவதுதான் பரிதாபம்.

இவ்வளவு திட்டியவன் என்னதான் உடுத்தச் சொல்கிறான் என்று கேட்பது நியாயமே. சொல்கிறேன்.

கடலில் முதல் உண்மை காற்று. கப்பல் நின்ற இடத்தில் நின்றாலும் காற்று உண்டு. நகரும்போது அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும். மேல்தளத்தில் திருப்பத்தில் வந்தால் முகத்தில் அறையும். இந்தக் காற்றில் எப்படி உடுத்துவது என்பதற்கு மயாமியில் விடை தேட வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று எங்கள் ஊர் வரைக்கும் மண்ணை வாரி இறைக்கும். அந்த மாதங்களில் அஞ்சுகிராமம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களைப் பாருங்கள். முந்தானையைத் தோளில் ஊக்கு குத்தி, வலது பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகி, கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையில் பையோடு நிற்பார்கள். அறுபது வயதிலும் ஒருத்தி தடுக்கி விழுந்து நான் பார்த்ததில்லை. காற்றில் கவுனைவிட நூல்சேலை அடக்கமாக நிற்கும். கவுனைப் பிடித்துச் செருக இடமே கிடையாது.

வேட்டிக்கு ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய வேட்டி கடல் ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். காற்று அடித்தால் அவிழ்ந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. ஒட்டும் பட்டை வைத்த வேட்டியோ, வேட்டிக்குமேல் ஒரு பெல்ட்டோ அந்தப் பயத்தைத் தீர்க்கும். சாரம் இதைவிட மேல். மூட்டிய துணியாதலால் காற்று அதைப் பிரிக்க முடியாது. மடித்துக் கட்டினால் படியேறலாம். தலைமுறை தலைமுறையாக வங்கக்கடலில் வேலை செய்கிறவர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று சின்னமுட்டம் துறைமுகத்தில் போய்ப் பார்த்தால் கடலுக்குத் தோதான உடை எது என்பது விளங்கிவிடும். மேல்தளத்தில் சாரம் கட்டலாமா என்றால், தாராளமாகக் கட்டலாம் என்பேன். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது கேட்டால் வேட்டிக்கு மாறிக்கொள்ளுங்கள். அவ்வளவு விட்டுக்கொடுத்தால் போதும்.

அடுத்தது உப்பு. கடல்காற்றில் வரும் உப்பு துணியில் படிந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கடலில் ஒருமுறை நனைந்த துணி காய்ந்தாலும் காயாதது போலப் பிசுபிசுக்கிறது. எனவே ஒரு மாற்று உடை கூடுதலாக வேண்டும், ஒரு துவர்த்தும் வேண்டும். துவர்த்தை மறந்துவிட்டு மூன்று ஜோடி செருப்பு எடுத்துப் போகிறவர்களை என்னவென்று சொல்வது? செருப்பு ஒன்று போதும். பின்பக்க வார் உள்ளதாக, அடி ரப்பராக, வரிகள் தேயாததாக இருக்க வேண்டும். நனைந்த இரும்புத் தளத்தில் தேய்ந்த ஹவாய் செருப்பைப் போல ஆபத்தானது வேறில்லை.

குளிரைப் பற்றி எந்தக் குறிப்பும் எச்சரிக்கவில்லை. வெளியே வியர்க்கும், உள்ளே குளிரூட்டி நடுக்கும். மைனி விருந்துக்குப் போகாததற்கு வெட்கம் பாதி, குளிர் பாதி. ஒரு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டால் இரண்டுக்குமே மருந்து. மூக்குக்கண்ணாடிக்காரர்கள் உள்ளேயிருந்து தளத்துக்கு வந்த நொடியில் கண்ணாடி பனித்துப்போய்க் குருடாவார்கள். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். போன் கேமராவுக்கும் அதேதான். படம் மங்கலாக விழுந்தால் கடலைத் திட்ட வேண்டாம்.

தலைசுற்றலுக்கு மாத்திரை உண்டு. அவோமின் போன்றவற்றை மருத்துவரைக் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போடுவதில் பயனில்லை. அறை தேர்ந்தெடுக்க வாய்த்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். முன்னும் பின்னும் மேலும்தான் ஆட்டம் அதிகம். மேல்தளத்து அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் ஆட்டத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

கப்பலில் கட்டாயமான உடை ஒன்றே ஒன்றுதான், உயிர்காப்பு அங்கி. உடைக் குறிப்புகள் எதிலும் இதற்கு இடமில்லை, ஒருவேளை ஆரஞ்சு நிறம் எதற்கும் பொருந்தாது என்பதால் இருக்கலாம். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியக் கடற்கரையில் 'கோஸ்டா கோன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் செத்தார்கள். சில மணி நேரம் முன்புதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அப்போது இன்னும் பயிற்சியே கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அன்றைய விதி. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் சர்வதேச விதி மாறியிருக்கிறது. அந்தப் பயிற்சியின்போது படம் எடுத்துக்கொண்டு திரிகிறவர்களைப் பற்றிப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நமக்குப் பாடம் படிக்க இத்தாலிவரை போக வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 சுற்றுலாப் பயணிகள் மாண்டார்கள்; உடம்பில் அங்கி இல்லை. மைனிக்கு இதைத்தான் அந்தக் குறிப்பு சொல்லியிருக்க வேண்டும்: எந்த உடுப்பாக இருந்தாலும் அதன்மேல் அங்கியை மாட்டி, வாரை இறுக்கி, இருட்டில் படியிறங்க முடிகிறதா என்று அறையிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். சேலையை உயர்த்திச் செருகத் தெரிந்த பெண்ணுக்கு இதில் சிரமமில்லை. பளபளப்புக் கவுனுக்கும் உயர்ந்த குதிகாலுக்கும்தான் சிரமம்.

என்ன எதிர்பார்ப்பது? எங்கும் போய்ச்சேர்வதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு இரவுப் பயணம் பெரும்பாலும் கரையிலிருந்து போய் நடுக்கடலில் சுற்றிவிட்டு அதே கரைக்குத் திரும்புவதுதான். இதைக் கேலி செய்கிறார்கள். கோயிலைச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் நமக்கு இதில் கேலிக்கு என்ன இருக்கிறது? போகுமிடம் சொல்லப்பட்ட பயணங்களிலும் உறுதி கிடையாது. 2022 ஜூனில் இதே 'எம்பிரஸ்' புதுச்சேரிக் கடலில் வந்து நின்றபோது, சூதாட்டக் கூடத்தின் பெயரால் எழுந்த எதிர்ப்பில் அனுமதி மறுக்கப்பட்டு, யாரும் இறங்காமலே திரும்பியது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் கருக்கொண்டால் பயணத்தையே மாற்றுவார்கள். மாற்றட்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் இந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் எத்தனை பேரை இழந்தன என்பதை அறிந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை போடமாட்டார்கள்.

எதிர்பார்க்கத் தகுந்தது இரவு. பாட்டுக்கச்சேரி முடிந்து கூட்டம் அடங்கிய பிறகு, விளக்கு குறைந்த ஒரு மூலையைத் தளத்தில் தேடிப்பிடித்து நிற்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் பழகும். தொலைவில் வரிசையாகத் தெரியும் சிறு வெளிச்சங்கள் நட்சத்திரமல்ல, விசைப்படகுகள். அங்கே ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலை இழுத்துக்கொண்டிருப்பார். பதினொரு தளமும் ஜொலிக்கப் போகும் இந்தக் கப்பலை அவரும் பார்ப்பார்.

இவ்வளவு செலவுக்கு முன் கடல் தனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அறிய விரும்புகிறவர்களுக்கு, எங்கள் பக்கத்தில் மலிவான வழி ஒன்று வந்தது. 2023 மே மாதம் கன்னியாகுமரிப் படகுத்துறையிலிருந்து வட்டக்கோட்டை வரை பூம்புகார் கழகம் சுற்றுலாப் படகு விட்டது. கடல் கொந்தளித்தாலோ காற்று மிஞ்சினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். ஆகவே துறையில் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படைத்தலைவராகிக் கட்டிய கோட்டை அது. கடல்வழி வந்த ஒருவர் கடலைப் பார்த்துக் கட்டியதை, நாங்கள் இத்தனை காலமும் தரைவழி போய் முதுகுப்பக்கமிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அதன் முகம் தெரியும். அந்தப் படகுக்கு இதுவரை யாரும் உடைக் குறிப்பு எழுதவில்லை. துறையில் கொடுக்கும் அங்கியை மாட்டிக்கொள்ளுங்கள். முந்தைய ஆளின் வேர்வை நாறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.